பட்டத்தின் இழுவையில் பல்பு எரிப்பது எப்படி

முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் பல வருடம் கோபுரம் ஏறி இறங்கியவன் நான். இப்போது வள்ளியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்ததும் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பிள்ளைகள் ப்ராஜெக்ட் என்று கடைக்கு வருவார்கள். "அண்ணாச்சி, பட்டம் விட்டுக் கரண்ட் எடுக்கலாமாமே, நிஜமா?" என்று அவர்களில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நிஜம்தான், எடுக்கலாம். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்து கைட்பவர் நிறுவனம் 60 சதுர மீட்டர் பட்டத்தை வைத்து 100 கிலோவாட் அளவுக்கு இயந்திரம் செய்திருக்கிறது. மொரீஷியஸ் தீவில் ஜெர்மனியின் ஸ்கைசெயில்ஸ் பெரிய பட்டம் பறக்கவிட்டு மின்சாரம் எடுத்திருக்கிறது. நாம் செய்யப்போவது ஒன்றரை சதுர மீட்டர் பட்டம், ஒரு பிவிசி பைப், ஒரு ஸ்கூட்டர் மோட்டார். இதில் கார் ஹெட்லைட் பல்பு எரியும். ஆனால் பல்பு எரிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நூலை விடும்போது வந்த மின்சாரத்திலிருந்து, திரும்பச் சுருட்டச் செலவான மின்சாரத்தைக் கழித்து எழுதினால்தான் அது ப்ராஜெக்ட். இந்தச் செய்முறையை அந்தக் கழித்தல் கணக்குக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் தத்துவம். காற்றாலை இறக்கையில் அடிப்பக்கத்தை விட நுனிப்பக்கத்துக்குத்தான் வேலை அதிகம். நுனியிலிருந்து 30 சதவீத நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், சுற்றும் வட்டப் பரப்பில் பாதியை அதுவே கடக்கிறது. மீதி இறக்கை, கோபுரம், அஸ்திவாரம் எல்லாமே அந்த நுனியை உயரத்தில் பிடித்து வைப்பதற்குத்தான். அந்த நுனியை மட்டும் துணியில் செய்து, கோபுரத்துக்குப் பதிலாக நூல் கட்டினால் அதுதான் மின்சாரப் பட்டம். உயரமும் கூடுகிறது. திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்று 100 மீட்டரில் ஏறத்தாழ 1.4 மடங்கு வேகமாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறுவதால் அது இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும்.

பட்டத்தை ஒரே இடத்தில் நிற்க வைத்தால் அதன் இழுவை அற்பம். காற்றுக்குக் குறுக்கே, படுத்த எட்டு வடிவத்தில் ஓட்ட வேண்டும். அப்போது துணியின் மேல் படும் காற்று, வீசும் காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் படும். இழுவை வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்த மைல்ஸ் லாய்டு 1980இல் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார். சி-5ஏ என்ற ராட்சத ராணுவச் சரக்கு விமானத்தின் இறக்கை அளவு, அதாவது 576 சதுர மீட்டர் இறக்கை, வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் 6.7 மெகாவாட் தரும் என்பது அவர் காட்டிய உதாரணம். இந்தத் தொழிலுக்கு இன்றும் அடிப்படை அந்தக் கணக்குதான்.

மின்சாரம் எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பறக்கும் இறக்கையிலேயே ஜெனரேட்டரை வைத்து, கயிற்றுக்குள் ஒயர் ஓட்டிக் கீழே இறக்குவது. கலிபோர்னியாவின் மகானி நிறுவனம் 26 மீட்டர் இறக்கையில் எட்டு சுழலிகள் வைத்து 600 கிலோவாட் இயந்திரமே கட்டியது. 2019 ஆகஸ்டில் நார்வே கடலில் மிதவையிலிருந்து பறக்கவும் விட்டார்கள். 2020இல் நிறுவனம் மூடப்பட்டாலும் தங்கள் அறிக்கைகளைப் பொதுவில் போட்டுவிட்டுப் போனார்கள். படிக்க வேண்டிய சொத்து அது. இரண்டாவது வழி நம்முடையது: ஜெனரேட்டர் தரையில் இருக்கும், பட்டம் நூலை இழுத்து உருளையைச் சுற்றும், நூல் தீர்ந்ததும் பட்டத்தை அடக்கி, மோட்டாரால் சுருட்டி, மறுபடி விட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். மோட்டார் வாங்கும் முன் இழுவையை அளந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். மோட்டார், கன்ட்ரோலர், ஆர்டுவினோ என்ற சின்ன மின்னணுப் பலகை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பட்டம் எத்தனை கிலோ இழுக்கும் என்று கேட்டால் தெரியாது. ஒன்றரை சதுர மீட்டர் அளவில், இரண்டு நூல் உள்ள, காற்று நிரம்பி உப்பும் துணிப்பட்டம் ஒன்று வாங்குங்கள். கைட் சர்ஃபிங் பழகுகிறவர்கள் ஆரம்பத்தில் பிடிக்கும் வகை அது. நம் ஊர்த் தாள்பட்டம் இதற்குத் தாங்காது. இரண்டு நூலும் சேரும் கைப்பிடிக் கம்பியின் நடுவில், ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்த டிஜிட்டல் தொங்கு தராசை மாட்டுங்கள். தராசின் மறுமுனையை அசையாத ஒன்றில் கட்டுங்கள். கையில் காற்று வேகம் காட்டும் சிறிய அனிமோமீட்டரும் இருக்கட்டும்.

வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் பட்டத்தைத் தலைக்கு மேலே சும்மா நிறுத்தினால் தராசு 2 கிலோ அளவில் நிற்கும். அதையே இடமும் வலமுமாக எட்டுப் போட்டு ஓட்டினால் 12, 14 என்று துள்ளும். திரும்பும் இடத்தில் விழும், நடுவில் விரையும்போது ஏறும். இந்த இரண்டு எண்ணையும், அப்போது இருந்த காற்று வேகத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாட் கணக்கு எளிது. இழுவைக் கிலோவைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நியூட்டன். அதை நூல் ஓடும் வேகத்தால் பெருக்கினால் வாட். நூலை விடவே இல்லை என்றால் வேகம் பூஜ்யம், வாட்டும் பூஜ்யம். காற்றின் வேகத்துக்கே விட்டால் இழுவை போய்விடும், மறுபடி பூஜ்யம். நடுவில், காற்று வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் விடும்போதுதான் பெருக்குத்தொகை உச்சத்துக்கு வரும். ஆனால் அந்த வேகத்தில் விடும்போது இழுவை குறையும். கட்டிவைத்து அளந்ததில் ஒன்பதில் நான்கு பங்குதான் கிடைக்கும். ஆக, 6 மீட்டர் காற்றில் கட்டிவைத்து 12 கிலோ என்றால், வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விடும்போது 5.3 கிலோ. அதாவது 53 நியூட்டன், 106 வாட். இது உருளையில் கிடைக்கும் இயந்திர சக்தி. செயின், பேரிங், மோட்டார், எட்டின் திருப்பங்கள் எல்லாம் தின்றது போக பல்புக்குப் பாதி வந்தால் நல்ல வேலைப்பாடு என்று எடுத்துக்கொள்ளலாம்.

உருளைக்கு 110 மில்லிமீட்டர் பிவிசி பைப் போதும், ஹார்டுவேர் கடையில் துண்டாகவே கிடைக்கும். அதன் சுற்றளவு 34.5 சென்டிமீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் நூல் ஓடினால் நிமிடத்துக்கு 350 சுற்று. இ-ஸ்கூட்டருக்கு வரும் 24 வோல்ட், 250 வாட், பிரஷ் வைத்த நிரந்தரக் காந்த மோட்டாரை எடுங்கள். இதே மோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் அதுவே ஜெனரேட்டர். அதன் தகட்டில் 2,700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அளவில் போட்டிருந்தால், வோல்ட்டுக்கு ஏறத்தாழ 110 சுற்று என்று அர்த்தம். உருளையில் 44 பல், மோட்டாரில் 11 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாட்டினால் நான்கு மடங்கு. 350 நான்கு மடங்காகி 1,400. அதை 110ஆல் வகுத்தால் 12.7 வோல்ட். ஹெட்லைட் பல்புக்குச் சரியான வோல்ட்டேஜ். உங்கள் பகுதியில் காற்று வேகம் வேறு என்றால் இதே கணக்கில் பல் எண்ணிக்கையை மாற்றுங்கள். ஸ்பிராக்கெட்டும் செயினும் ஒரே பிட்ச்சில், அதாவது ஒரே பல் இடைவெளியில் இருக்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பைப்பை வெறும் கூடாக வைக்காதீர்கள். ஒரு சுற்று நூல் 5 கிலோவில் அழுத்துகிறது என்றால் நூறு சுற்று சேர்ந்து கொடுக்கும் நெருக்கலில் பைப் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். உள்ளே பிளைவுட் வட்டங்களை அடுக்கி நிரப்பி, நடுவில் 20 மில்லிமீட்டர் தண்டைச் செருகி, இரு பக்கமும் பிளம்மர் பிளாக் பேரிங் (போல்ட் போடும் கூட்டோடு வரும் பேரிங்) வைத்து, எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டத்தில் (ஃபிரேம்) பொருத்துங்கள். வெளியே மூன்று பிளைவுட் தட்டுகள்: இரண்டு ஓரத்தில், ஒன்று நடுவில். இரண்டு நூலுக்கும் 5 சென்டிமீட்டர் அகலத்தில் தனித்தனி அறை. ஒரு ஓரத் தட்டில் பழைய கியர் சைக்கிளின் டிஸ்க் பிரேக் தட்டை போல்ட் போட்டு, அந்தத் தட்டைக் கவ்வும் காலிப்பரைச் சட்டத்தில் பிடியுங்கள். பிரேக் இல்லாமல் இதை ஒருநாளும் வெளியே எடுத்துப்போகாதீர்கள். ஒயர் கழன்றால், ஃபியூஸ் போனால், ஜெனரேட்டர் பிடிமானம் அந்த நொடியே போய்விடும். அப்போது உருளையை நிறுத்த அந்த பிரேக் மட்டும்தான் இருக்கும்.

நூல் டைனீமாதான் வேண்டும், நீளாமல் மிக உறுதியாக இருக்கும் பாலிஎத்திலீன் இழை அது. 135 கிலோ தாங்கும் பட்ட நூல் என்று கேட்டு, பக்கத்துக்கு 80 மீட்டர் வாங்குங்கள். நைலான் நூல் ரப்பராக நீளும், இழுவைக் கணக்கே கலங்கிவிடும். பட்டம் விடும் நைலான் மாஞ்சாவுக்கும் அதுபோன்ற செயற்கை நூல்களுக்கும் 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டிருக்கிறது. டைனீமாவும் செயற்கை இழைதான், அதனால் முதலில் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். மாஞ்சா பக்கமே போக வேண்டாம். டைனீமாவில் ஒரு சிக்கல், அது வழுக்கும். சாதாரண முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிடும். மெல்லிய உறை போட்டு, கண்ணி முடிந்து, கண்ணிக்குள் கண்ணி மாட்டுங்கள். இன்னொன்று, அதற்குச் சூடு ஆகாது. ஒரு நூல் இன்னொன்றின் மேல் உரசிக்கொண்டு ஓடினால் உருகி அறுந்துவிடும்.

நூலை முதன்முதலில் சுற்றும்போது ஒருவர் துணி வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால், பட்டம் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து கடித்துக்கொள்ளும். மார்க்கர் பேனாவால் 5 மீட்டருக்கு ஒரு கோடு இரண்டு நூலிலும் போடுங்கள். ஓடும்போது இரண்டு கோடும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தாலே போதும். ஒரு பக்கம் முந்தினால் அந்த அறையில் நூல் குவிந்திருக்கிறது என்று பொருள். பட்டம் அந்தப் பக்கமாகவே சாய்ந்துகொண்டிருக்கும்.

திருப்புவதற்குப் பழைய சைக்கிளின் தலையை வெட்டி எடுங்கள். ஹேண்டில்பார், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) தண்டு, தலைக்குழாய், பேரிங்கோடு அப்படியே. அதைச் சட்டத்தின் பின்பக்கம் இடுப்பு உயரத்தில் நிறுத்தி வெல்டிங் வையுங்கள். உருளை முன்பக்கம், பட்டம் இருக்கும் திசையில், தரைக்கு அருகே இருக்கட்டும். நூல் உருளையிலிருந்து பின்னால் வந்து, ஹேண்டில்பாரின் முனையில் கட்டிய கப்பியைச் சுற்றித் திரும்பி, முன்னால் பட்டத்துக்குப் போகும். வலது முனையை உங்களை நோக்கி இழுத்தால் வலது நூல் இரண்டு மடங்கு நீளம் உள்ளே வரும், பட்டம் வலது பக்கம் திரும்பும். முனை 15 சென்டிமீட்டர் அசைந்தால் நூல் 30 சென்டிமீட்டர் மாறும். இந்த அளவுப் பட்டத்துக்கு அது தாராளம். உருளை ஓடிக்கொண்டிருந்தாலும் திருப்பம் கெடாது என்பது இந்த அமைப்பின் அழகு. கப்பிக்கு, ஸ்லைடிங் கதவுக்குப் போடும் பள்ளமுள்ள பேரிங் ரோலர் போதும். நூல் பள்ளத்திலிருந்து தாவாமல் இருக்க மேலே ஒரு தகடு வளைத்து வையுங்கள்.

இடது நூல் பட்டத்தோடு சேரும் இடத்தில் மட்டும் 40 கிலோவில் அறும் சின்ன நூல் கண்ணி ஒன்றை நடுவில் போடுங்கள். சூறையாகக் காற்று வந்தால் அது முதலில் அறும். ஒற்றை நூலில் தொங்கும் பட்டம் காற்று பிடிக்க முடியாமல் கொடித்துணியாகப் படபடத்துக் கீழே இறங்கிவிடும். இரண்டு பக்கமும் போட்டால் பட்டமே பறந்துபோய் யார் தலையிலோ விழும். சட்டத்தின் அடியில் மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு நான்கைந்து ஏற்றுங்கள். காற்று அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகாது.

ஒயரிங் சின்னது. மோட்டார் ஒயர் இரண்டும், நடுவில் ஆஃப் உள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு வரட்டும். மேலே தள்ளினால் பல்புகள். கீழே தள்ளினால் 12 வோல்ட் பேட்டரி, துருவம் மாற்றி, அப்போதுதான் உருளை எதிர்ப்பக்கம் சுற்றிச் சுருட்டும். பேட்டரி வாயில் 30 ஆம்பியர் ஃபியூஸ். பல்பு 55 வாட்டில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். காற்று ஏற ஏற ஒவ்வொன்றாகப் போடுவதுதான் உங்கள் வேகக் கட்டுப்பாடு. ஒரு பல்பு மட்டும் இருந்தால் ஜெனரேட்டருக்குப் பிடிமானம் போதாமல் உருளை பறக்கும், பல்பும் உயிரை விடும். பல்புப் பக்கம் ஒன்று, பேட்டரிப் பக்கம் ஒன்று என இரண்டு டிசி வாட் மீட்டர் போடுங்கள். பொம்மை விமானக்காரர்கள் வைத்திருப்பார்களே, வாட்-அவர் கூட்டிச் சொல்லும் மீட்டர், அதுதான். இரண்டாவது மீட்டருக்குப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லை என்றால் நான் முதலில் சொன்ன கழித்தல் நடக்காது.

இடம் பற்றி. எங்கள் பக்கத்தில் காற்றாலைகளுக்கு நடுவே மட்டும் போய் நிற்காதீர்கள். எங்கு திரும்பினாலும் 11 கேவி, 33 கேவி உயரழுத்த மின் லைன் ஓடும். ஈரமான நூல் மின்சாரம் கடத்தும். நூலின் முழு நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு எந்தத் திசையிலும் லைன், ரோடு, வீடு, தென்னை இருக்கக் கூடாது. வறண்ட குளத்துப் படுகை அருமையான இடம். மாதமும் முக்கியம். ஜூன், ஜூலை சீசன் உச்சத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இந்தப் பட்டத்துக்கு மிக அதிகம். சீசன் அடங்கும் செப்டம்பர் கடைசியில் வாருங்கள். காற்று 5 முதல் 7 மீட்டர் வரை இருக்கும்போது மட்டும் பறக்கவிடுங்கள், 8 தாண்டினால் மூட்டை கட்டுங்கள். மேகம் கறுத்தால் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் 'விமானம்' என்பதற்குத் தந்த விளக்கத்திலேயே பட்டமும் அடங்கியிருந்தது. 2024இல் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. விமான நிலையம் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். மற்ற இடத்திலும் ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் கல்லூரிக் கடிதத்தோடு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆள் மூன்று பேர் வேண்டும். ஹேண்டில்பாரில் ஒருவர், பிரேக்கிலும் சுவிட்சிலும் ஒருவர், சுற்றி ஆடு மாடு, ஆள் வராமல் பார்க்க ஒருவர். கையுறை, ஹெல்மெட் கட்டாயம். நூலைக் கையில் சுற்றிப் பிடிப்பவரை அன்றைக்கு வேலையில் சேர்க்காதீர்கள்.

பிரேக் போட்டபடி 25 மீட்டர் நூலில் பட்டத்தை ஏற்றி, தலைக்கு மேல் நிறுத்துங்கள். சுவிட்சைப் பல்புப் பக்கம் தள்ளுங்கள். பிறகு பட்டத்தைக் கீழே சாய்த்து, தரைக்கு 30 பாகை அளவில் எட்டுப் போட ஆரம்பித்ததும் "விடு" என்று குரல் கொடுக்க வேண்டும். பிரேக்கைத் தளர்த்தியதும் உருளை முனகிக்கொண்டு ஓடும். பல்பைப் பாருங்கள். பட்டம் எட்டின் நடுவில் பாயும்போது வெள்ளையாகச் சீறும், ஓரத்தில் திரும்பும்போது மஞ்சளித்து, இழைக்கம்பி சிவப்பாகத் தெரியும் அளவுக்கு இறங்கும், மறுபடி சீறும். ஓட்டுகிறவர் பழகப் பழக அந்த மஞ்சள் நேரம் குறையும். எட்டைச் சின்னதாக, திருப்பத்தை இறுக்கமாகப் போடுவதை விட, அகலமாக, வேகம் போகாமல் திருப்புவது நல்லது. 65 மீட்டர் கோடு வந்ததும் "பிடி". பிரேக் விழுந்த பிறகுதான் சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. அப்புறம் பட்டத்தைத் தலைக்கு மேலே ஏற்றி, இழுவை தளர்ந்ததும் சுவிட்சைப் பேட்டரிப் பக்கம் தள்ளி, பிரேக்கை விட்டு, "சுருட்டு".

இப்போது நோட்டை எடுங்கள். 6 மீட்டர் காற்றில் 40 மீட்டர் நூல், வினாடிக்கு 2 மீட்டர், ஆக 20 வினாடி. 106 வாட் வீதம் 2,100 ஜூல். பாதி போக பல்பு மீட்டரில் 1,000 ஜூல் அளவில் தெரியும். வாட்-அவரில் பார்த்தால் 0.28. சுருட்டும்போது தலைக்கு மேல் நிற்கும் பட்டம் 2 கிலோ இழுக்கிறது. 20 நியூட்டன், 40 மீட்டர், 800 ஜூல். மோட்டார் நட்டத்தையும் சேர்த்தால் பேட்டரி 1,400 ஜூல் கொடுத்திருக்கும். கழித்துப் பாருங்கள், கைநட்டம். பல்பு எரிந்த வீடியோவோடு ப்ராஜெக்டை முடிப்பவர்கள் இதைக் காட்டுவதில்லை. நீங்கள் காட்டுங்கள். உலகத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரு வரியில்தான்.

இரண்டு நூல் பட்டத்தில் இந்த நட்டத்தைக் கொஞ்சம்தான் குறைக்க முடியும். தலைக்கு மேல் வைப்பதற்குப் பதிலாகக் காற்றோட்டத்தின் ஓரத்துக்கு, தரையை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்துச் சுருட்டிப் பாருங்கள். காற்று தணியும் இடைவெளியில் சுருட்டுங்கள். இரண்டு முறையையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

பெரிய நிறுவனங்கள் செய்வது வேறு. பட்டத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி தொங்கும். தரைக்கு வருவது ஒற்றைக் கயிறு. பெட்டிக்குள் இருக்கும் மோட்டார்தான் பட்டத்தின் பின்விளிம்பில் கட்டிய பின்நூல்களை இழுத்துத் திருப்பும். சுருட்டும் நேரம் வந்தால் அதே பின்நூல்களைத் தளர்த்தும். பட்டம் மூக்கைத் தாழ்த்திக் காற்றுக்கு நேராகப் படுத்துவிடும், இழுவை பல மடங்கு குறையும். உங்கள் இரண்டாம் கட்டம் இதுதான். நான்கு நூல் பட்டம் ஒன்றை எடுத்து, முன்நூல்களை நேரே பிரதான நூலில் கட்டுங்கள். பின்நூல் இரண்டையும் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சர்வோ மோட்டாருக்கு (சொன்ன அளவு மட்டும் திரும்பி நிற்கும் மோட்டார்) கொடுங்கள். இரண்டும் எதிரெதிராக அசைந்தால் திருப்பம், ஒன்றாகத் தளர்ந்தால் அடக்கம். பொம்மைக் கார் ரிமோட்டே போதும். பெட்டி அரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருட்டும் இழுவையை 0.6 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டால் செலவு 450 ஜூலுக்குள் அடங்கும். ஒரு சுற்றுக்கு 550 ஜூல் மிச்சம். 40 வினாடிச் சுற்றில் சராசரி 14 வாட் அளவு. உருளையின் இரண்டாவது அறை அப்போது தேவைப்படாது. நடுத்தட்டைக் கழற்றிவிட்டு ஒரே நூலை 150 மீட்டர் வரை சுற்றிக்கொள்ளலாம்.